பழகிப்போன கொசுவும் ஒரு பொதுத் தேர்வும்

எங்கள் மாவட்டத்தில் அருகருகே இருக்கும் சில கலை அறிவியல் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகள் ஒன்றுசேர்ந்து, மூன்றாமாண்டை முடிக்கும் இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொண்டு ஒரு பொதுத் தேர்வு நடத்துவதென்று முடிவெடுத்தபோது, வினாக்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னையும் இன்னும் மூன்று ஆசிரியர்களையும் வந்தடைந்தது. விலங்கியல் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளைக் கடந்திருந்த நான், அதற்குள் எத்தனையோ பருவத் தேர்வுகளுக்கு வினாத்தாள் எழுதிக் கொடுத்திருந்ததால், இது ஒரு சனிக்கிழமை பிற்பகல் வேலை என்றே எண்ணினேன். அந்த எண்ணம் தவறென்று புரிய முதல் தேர்வு முடியவேண்டியிருந்தது. ஓரளவு நம்பத்தக்க வினாத்தாள் கைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

இப்படியொரு தேர்வு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே பாடம் வகுத்து, தாமே வினா எழுதி, பெரும்பாலும் தாமே திருத்துகின்றன. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. அந்த 75இல் இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து மதிப்பெண் வினாக்கள், பத்து மதிப்பெண் வினாக்கள் என்ற அமைப்பு பல கல்லூரிகளில் ஒன்றுபோலவே இருந்தாலும், ஒரு கல்லூரியின் 82ஐயும் மற்றொரு கல்லூரியின் 64ஐயும் அருகருகே வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் கே1 முதல் கே6 வரை ஒரு குறியீடு அச்சிடப்படுகிறது. 1956இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் வகுத்து, 2001இல் மற்றவர்கள் திருத்தியமைத்த ஆறு அறிவுப் படிநிலைகளே அதற்கு அடிப்படை. ஆனால், "சிறுநீரகத்தின் செயல்பாட்டைப் பகுத்தாய்க" என்று எழுதிப் பக்கத்தில் கே4 என்று குறித்துவிட்டால் மட்டும் அந்த வினா பகுப்பாய்வைச் சோதித்துவிடாது. அதன் விடை கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் விற்கும் முக்கிய வினாத் தொகுப்பில் அப்படியே இருக்குமானால், வினைச்சொல் எதுவாக இருந்தாலும் அது நினைவை மட்டும் சோதிக்கும் கே1தான். தர மதிப்பீட்டுக் குழுவினருக்குக் காட்டும் கோப்புகளில் இந்த எண்கள் அழகாக அமர்ந்துகொள்கின்றன என்பது வேறு விஷயம்.

முதல் வினாத்தாளில் அறுபது வினாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். தேர்வு நடந்தது, மதிப்பெண்கள் நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்தன, நாங்கள் மகிழ்ந்தோம். கணிதத் துறையில் புள்ளியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மட்டும், மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஒவ்வொரு வினாவையும் தனித்தனியாகப் பாருங்கள் என்றார். அவர் சொல்லித் தந்த முறை எளியது. மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலிருந்து 27 விழுக்காட்டினரையும் கீழிருந்து 27 விழுக்காட்டினரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு பேர் எழுதியிருந்தால் மேலே 27 பேர், கீழே 27 பேர். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 20 பேரும் கீழ்க் குழுவில் 8 பேரும் சரியாக விடையளித்திருந்தால், வேறுபாடான 12ஐ 27ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.44 அந்த வினாவின் பிரித்தறியும் திறன். மேல் குழுவினரைவிடக் கீழ்க் குழுவினர் அதிகமாகச் சரியாக எழுதியிருந்தால் அந்த எண் எதிர்மறையாகும். அப்படி ஆனால் வினாவிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கிறதென்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எங்கள் தாளில் அப்படிச் சில வினாக்கள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்றை நான் மறக்கமாட்டேன், ஏனெனில் அதை எழுதியவள் நான்தான். "பாலூட்டிகளில் உட்கரு உள்ள முதிர்ந்த சிவப்பணுக்களைக் கொண்டது எது?" என்று கேட்டு, ஒட்டகம் என்று விடைக்குறிப்பில் எழுதியிருந்தேன். நான் படித்த காலத்தில் கையேடுகள் அப்படித்தான் சொல்லின. போட்டித் தேர்வுக் கையேடுகள் சில இன்றும் சொல்கின்றன. உண்மையில் ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்குமே தவிர, மற்றப் பாலூட்டிகளைப் போலவே அவற்றிலும் உட்கரு கிடையாது. நன்றாகப் படித்த மாணவர்கள் "இவற்றுள் எதுவுமில்லை" என்ற கடைசி விடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் அவர்களுக்குச் சுழியம் போட்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வந்தது: வினாவை எழுதியவர் விடையைச் சொல்லாமல் மற்ற மூவரிடமும் கொடுக்க வேண்டும், மூவரும் தனித்தனியாக ஒரே விடையைத் தராத வினா தாளுக்குள் வரக்கூடாது.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வேறொரு தவற்றையும் செய்தோம். எல்லோரும் சரியாக எழுதிய வினாவின் பிரித்தறியும் திறன் சுழியத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், அத்தகைய வினாக்களையெல்லாம் பயனற்றவை என்று நீக்கத் தொடங்கினோம். குழுவில் இருந்த இளைய ஆசிரியர் ஒருவர், ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் நடத்தப்படும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளையே முன்மாதிரியாகக் கொள்ளலாமே என்றதும் அந்தக் குழப்பத்தின் மறுபக்கம்தான். அந்தத் தேர்வின் மூன்றாம் பகுதியில் 75 வினாக்களில் 25க்கு மட்டும் விடையளித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும். பெருங்கூட்டத்திலிருந்து சிலரைப் பொறுக்கியெடுக்கும் தேர்வுக்கு அது பொருந்தும். கற்றார்களா என்று அறிய வேண்டிய தேர்வில், எல்லோரும் சரியாக விடையளித்த வினா ஒரு நல்ல செய்தி. அதை நீக்கிவிட்டால், மாணவர்கள் கற்றவற்றையெல்லாம் தாளிலிருந்து வெளியேற்றிவிட்டு, கல்லாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, "ஒன்றும் கற்கவில்லை" என்று அறிக்கை எழுதுவோம். எதற்காகத் தேர்வு என்பதை ஒரு வரியில் எழுதி முதலில் கையெழுத்திட்டுக்கொள்ளாமல் வினா எழுத உட்கார்ந்ததன் விளைவு அது.

எதைச் சோதிப்பது என்பதில் நடந்த சண்டை தனிக்கதை. விலங்கியலார் நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி இல்லாத தாள் ஒரு தாளா என்றோம். தாவரவியலார் சைகஸ் இல்லாமல் முடியாது என்றார்கள். உயிரித் தொழில்நுட்பத்தார் இரண்டையும் படித்ததில்லை. இறுதியில் எங்களைக் காப்பாற்றியது, அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2011இல் வெளியிட்ட அறிக்கை வகுத்த ஐந்து அடிப்படைக் கருத்துகள்: பரிணாமம், அமைப்பும் செயல்பாடும், தகவலின் ஓட்டமும் பரிமாற்றமும் சேமிப்பும், ஆற்றல் மற்றும் பொருளின் பாதைகளும் மாற்றங்களும், உயிரமைப்புகள். எந்த உயிரினத்தைப் படித்தவரும் இந்த ஐந்துக்குள் வந்தாக வேண்டும். நாடாப்புழுவும் சைகஸும் அவரவர் பருவத் தேர்வுகளுக்குத் திரும்பிச் சென்றன.

இனி, இந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில், வினாக்களை அச்சுக்கு அனுப்பும் முன் ஐந்தாறு மாணவர்களைத் தனித்தனியாக அழைத்து, ஒவ்வொரு வினாவையும் படித்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடையளிக்கும்படி கேட்டோம். கொசு மருந்தைப் பற்றி ஒரு வினா இருந்தது. ஓர் ஊரில் பல ஆண்டுகளாக ஒரே மருந்தைத் தெளித்து வருகிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலான கொசுக்கள் மடிந்தன, இப்போது பெரும்பாலானவை மடிவதில்லை. இதற்குக் காரணமான நிகழ்வு எது? கொடுத்திருந்த நான்கு கலைச்சொற்களில், தமிழ்வழியில் பயின்ற அந்த மாணவர் தயங்காமல் "இயற்கைத் தேர்வு" என்பதைக் குறித்தார். சரியான விடை. கொசுக்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றேன். "தெனமும் அடிச்சா அதுக்குப் பழகிடும்ல, மேடம். எங்க தாத்தாவுக்குப் பொகையில பழகின மாதிரி" என்றார்.

அவருக்கு டார்வினின் சொல் தெரிந்திருந்தது, கருத்து தெரிந்திருக்கவில்லை. எங்கள் வினா இரண்டையும் பிரித்தறியவில்லை. ஒரு தனிக் கொசு தன் வாழ்நாளில் மாறுகிறது என்பதும், மருந்தைத் தாங்கும் சில கொசுக்கள் முன்பே கூட்டத்தில் இருந்து, அவை பிழைத்துப் பெருகியதால் கூட்டத்தின் இயல்பு மாறியது என்பதும் இரு வேறு உலகங்கள். மற்ற மாணவர்களையும் விசாரித்தோம். ஆங்கிலவழியில் படித்தவர்களிலும் இதே எண்ணம் இருந்தது. ஆனால் தமிழில் அதற்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. "உயிரினங்கள் சூழலுக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்கின்றன" என்றுதான் பள்ளியிலிருந்து படித்து வருகிறோம். அந்தக் "கொள்" என்ற துணைவினை, செயலைச் செய்பவர் தமக்காகவே முனைந்து செய்கிறார் என்ற பொருளைச் சேர்த்துவிடுகிறது. சோறு போட்டுக்கொள்வது போல, கதவைச் சாத்திக்கொள்வது போல, உயிரினம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. இலக்கணமே பிழையான பரிணாமத்தைக் கற்றுத் தந்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பைக் குறிக்கும் "ஓங்கு பண்பு" என்ற சொல்லும் இப்படித்தான்: ஓங்கியது என்றால் வலியது, எனவே அதிகமானோரிடம் இருப்பது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கூடுதல் விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது என்றும், ஆயினும் பெரும்பாலோருக்கு ஐந்து விரல்களே இருக்கின்றன என்றும் சொல்லிக் காரணம் கேட்டால் அந்த எண்ணம் வெளியே வருகிறது. "சுவாசம்" என்ற ஒரே சொல் மூச்சையும் குறிக்கிறது, செல்லுக்குள் ஆற்றல் வெளிப்படும் வேதிவினைத் தொடரையும் குறிக்கிறது. தாவரம் பகலில் சுவாசிப்பதில்லை என்று மூன்றாமாண்டு மாணவர் சொல்வதில் வியப்பில்லை.

எனவே வினா எழுதும் முறையையே தலைகீழாக மாற்றினோம். முன்பு சரியான விடையை எழுதிவிட்டு, அதற்குத் துணையாக மூன்று தவறான விடைகளை எங்கள் கற்பனையிலிருந்து இட்டு நிரப்புவோம். இப்போது விடைகளே இல்லாமல் வினாவை மட்டும் ஒரு வகுப்பில் கொடுத்து, இரண்டு மூன்று வரிகளில் எழுதச் சொன்னோம். அந்தத் தாள்களைப் படித்து, மாணவர்கள் உண்மையில் நம்பும் தவறுகளை அவர்களுடைய சொற்களிலேயே பொறுக்கியெடுத்தோம். கொசு வினாவின் தவறான விடைகள் அப்படித்தான் வந்தன: "ஒவ்வொரு கொசுவின் உடலும் மருந்துக்கு மெல்ல மெல்லப் பழகியது", "பிழைக்க வேண்டிய தேவை ஏற்பட்டதால் கொசுக்களில் புதிய மரபணு மாற்றம் தோன்றியது". கலைச்சொல் எதுவும் விடைகளில் இல்லை. இந்த வினாவுக்குச் சரியாக விடையளித்தோர் எண்ணிக்கை பழைய வடிவத்தைவிடக் கணிசமாகக் குறைந்தது. துறைத்தலைவர்கள் முகம் சுளித்தார்கள்.

மரத்தின் எடை பற்றிய வினா இதைவிடவும் கசப்பாக இருந்தது. வான் ஹெல்மான்ட் செய்த வில்லோ மரச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார், மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் ஆனது, மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சு. அவர் இறந்த பின் 1648இல் வெளிவந்த நூலில் உள்ள சோதனை அது. அந்த எண்களைக் கொடுத்து, மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்களில் பலர், மண் பெரிதாகக் குறையவில்லை என்று வினாவிலேயே சொல்லியிருந்தும், "மண்ணிலுள்ள சத்துகள்" என்று எழுதினார்கள். மற்றும் பலர் வான் ஹெல்மான்டைப் போலவே நீர் என்றார்கள். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, கையால் தொடமுடியாத ஒன்று, மரக்கட்டையாகிறது என்பதை அவர்கள் மனம் ஏற்கவில்லை. நியாயம்தான், உரம் போட்டால் பயிர் வளரும் என்று பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்.

இந்த வழியில் நாங்கள் முன்னோடிகள் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒளிச்சேர்க்கை, சுவாசம் குறித்து ஹாஸ்லமும் டிரிகஸ்டும் 1987லேயே ஈரடுக்கு வினாக்களை வெளியிட்டிருக்கிறார்கள்: முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அந்த விடைக்கான காரணம், இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பரவல், சவ்வூடு பரவல் குறித்து ஓடமும் பேரோவும் 1995இல் இதே முறையில் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட தேர்வை வெளியிட்டார்கள். இயற்கைத் தேர்வுக்கென்று ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 2002இலும், மரபியலுக்கென்று சுமித், வுட், நைட் ஆகியோர் 2008இலும் தயாரித்த வினாத் தொகுப்புகளும் உள்ளன. இவற்றை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும், நாங்களும் முயன்றோம். கருத்து வந்தது, ஆனால் தவறான விடைகள் வேற்று நாட்டு மாணவர்களின் வாயிலிருந்து வந்தவையாகவே நின்றன. தாத்தாவின் புகையிலை அவற்றில் இல்லை.

மொழியைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். எங்கள் மாணவர்களில் ஒரு பகுதியினர் தமிழ்வழி, மறுபகுதியினர் ஆங்கிலவழி. முதலாண்டில் ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கினோம். பல தேர்வுகளில் அச்சிடுவது போல, ஐயம் ஏற்பட்டால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற வரியையும் சேர்த்தோம். ஆங்கிலம் படிக்கத் தடுமாறும் மாணவரிடம் அந்த வரியைக் காட்டுவது நேர்மையில்லை என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே வினாவை இரு மொழியிலும் ஒரே நேரத்தில் எழுதினோம். தமிழில் சிக்கல் எழுந்தால் ஆங்கில வாக்கியத்தையும் மாற்றினோம். மற்றொன்று எதிர்மறை. தமிழில் மறுப்பு சொல்லின் உள்ளேயே கரைந்துவிடும். "பங்கேற்பது எது", "பங்கேற்காதது எது" என்ற இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வேகமாகப் படிக்கும் கண் தவறவிடுகிறது. வாய்விட்டுப் படித்த மாணவர்களில் இருவர் அப்படியே தவறவிட்டார்கள். எதிர்மறை வினாக்களைக் கூடியவரை கைவிட்டோம். தவிர்க்க முடியாத ஒன்றிரண்டில் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அடிக்கோடிட்டு அச்சிட்டோம்.

நான்கு விடைகள் என்ற வழக்கத்தையும் விட்டுவிட்டோம். உண்மையான தவறுகள் இரண்டே கிடைக்கும் இடத்தில் மூன்றாவதைப் புனைந்தால், அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று விடைகளே பெரும்பாலும் போதுமென்று ராட்ரிகெஸ் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருப்பது எங்களுக்குத் துணிவளித்தது. குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 33 ஆகிறதே என்று கேட்டார்கள். எவரும் தொடாத நான்காவது விடை இருக்கும்போதும் அது 33தான். சரியான விடையே எப்போதும் நீளமாக இருக்கிறது என்பதை ஒரு மாணவிதான் சுட்டிக்காட்டினார். எங்களுடைய பழைய தாளை எடுத்துப் பார்த்தோம். வெட்கப்படும் அளவுக்கு உண்மை.

சிறு விபத்துகளுக்கும் பஞ்சமில்லை. நொதியின் செயல்பாடு குறித்த வரைபடத்தைச் சிவப்பு, பச்சைக் கோடுகளில் கணினியில் வரைந்தோம். அச்சகம் கறுப்பு வெள்ளையில் அடித்துத் தந்தது. இரு கோடுகளும் ஒரே சாம்பல் நிறம். தேர்வறையில் எந்தக் கோடு எது என்று கேட்டபோது, அறைக் கண்காணிப்பாளர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். இப்போது ஒன்று முழுக்கோடு, மற்றொன்று புள்ளிக்கோடு. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அதுவே உதவும். அச்சான பிரதியைக் கையில் வாங்கி ஒருவர் முழுத்தேர்வையும் எழுதிப் பார்க்காமல் கட்டுகளைப் பிரிப்பதில்லை.

மதிப்பெண் பட்டியலில் சேராத தேர்வை மாணவர்கள் ஏன் கருத்தூன்றி எழுத வேண்டும் என்ற கேள்விக்கு எங்களிடம் முழு விடை கிடையாது. முதலாண்டில் சிலர் கால் மணி நேரத்தில் ஒரே எழுத்தை வரிசையாகக் கறுப்பாக்கிவிட்டுப் போனார்கள். அவர்களையும் சேர்த்துச் சராசரி கண்டால் அது கற்றலின் அளவாக இராது, சலிப்பின் அளவாகவே இருக்கும். அகமதிப்பீட்டில் சில மதிப்பெண்களைத் தேர்வில் பங்கேற்பதற்காக மட்டும் ஒதுக்கினோம். எடுத்த மதிப்பெண்ணுக்காக ஒதுக்கவில்லை. நடுவில் "இந்த வரிசையில் மூன்றாவது வட்டத்தை நிரப்பவும்" என்று ஒரு வினா வைத்தோம். அதைத் தவறவிட்டவர்களின் தாள்களைப் பகுப்பாய்வில் சேர்ப்பதில்லை. வினாக்களையும் முப்பதாகக் குறைத்தோம். வினாக்களுக்கிடையே உள்ள இணக்கத்தை அளக்க 1937இல் கூடரும் ரிச்சர்ட்சனும் தந்த சூத்திரத்தின்படி, வினா குறைந்தால் நம்பகத்தன்மையும் குறையும் என்று கணித நண்பர் எச்சரித்தார். ஐந்து வேறுபட்ட கருத்துகளைத் தொடும் தாளில் அந்த எண் மிக உயர்வாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன் என்று சொல்லி அவரைச் சமாளித்தேன். அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

வினாத்தாள்களைத் திரும்பப் பெறுவதிலும் கண்டிப்பு வேண்டும். ஒரு வினாவைப் பக்குவப்படுத்த ஓராண்டு ஆகிறது. அது கைப்பேசிப் படமாக வெளியேற ஒரு நிமிடம் போதும். இரண்டாம் ஆண்டில் ஓர் அறையில் தாள்களை மாணவர்களே கொண்டுபோக விட்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் வினாக்களில் சில, விடையுடன், ஜெராக்ஸ் கடைத் தொகுப்பில் இடம்பெற்றன. அதிலும் மரத்தின் எடை வினாவுக்கு "மண்" என்றே விடை அச்சிட்டிருந்தார்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பலகையில் ஒட்டுவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டது நாங்கள் செய்த புத்திசாலித்தனமான செயல்களில் ஒன்று. ஒவ்வொரு துறைக்கும் அதன் சொந்த முடிவு மட்டும், எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விவரத்துடன் போகும். நான்காம் ஆண்டு எனக்கு வந்த உறையைப் பிரித்தபோது, கொசு வினாவில் "பழகியது" என்ற விடையை என் வகுப்பில் ஏராளமானோர் எடுத்திருந்தார்கள். மற்றத் துறைகளின் நிலை எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. அன்று மாலை, பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி எழுதவைத்துவரும் என் பாடக்குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பரிணாமப் பாடத்தின் இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: "கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்கின்றன." அந்த வரியை அடித்துவிட்டு, கொசுக் கூட்டத்தில் மருந்தைத் தாங்கும் கொசுக்களின் பங்கு தலைமுறைதோறும் கூடுகிறது என்பதை மூன்று வரிகளில் எழுதினேன். எழுதுவதற்கு நீளமாக இருக்கிறது, மேடம், பழைய வரியையே தாருங்கள் என்று இந்த ஆண்டு மாணவர்கள் கேட்கிறார்கள்.